தப்புத் தோல் காய்ந்த இருபத்தாறு நாட்கள்

என் டிரங்குப் பெட்டி எனக்கு முன்னால் சீமைக்குப் போய்விட்டது. நான் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு கூரைத் தகரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் என் கம்பளிக் கோட்டு, காலேஜ் சான்றிதழ்கள், மூன்று மாதத்துக்கு வரும் என்று அம்மா இடித்துக் கட்டிக்கொடுத்த பருப்புப் பொடி எல்லாம் இருந்தன. கொழும்பில் இறங்கிய அன்றே பெட்டியை வாங்கிக் கொண்டுபோய்க் கப்பல் சாமான்களோடு சேர்த்துவிட்டார்கள். ஆள் வராவிட்டால் பெட்டியையும் இறக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைப் படிக்கிறவர்களில் கப்பலேறப் போகிற பிள்ளைகள் யாராவது இருந்தால் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: சான்றிதழைப் பெட்டியில் போடாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததில் மற்றது எதுவும் இவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடியது இல்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஊர் அருப்புக்கோட்டை, அப்பாவுக்கு நூல் வியாபாரம். இங்கிலாந்தில் சாயத்தொழில் படிக்க இடம் கிடைத்திருந்தது. கப்பல் கொழும்பிலிருந்து. அதற்குப் பதினைந்து நாள் முன்னதாகவே கிளம்பி, அம்மாவின் தம்பி வேலை பார்த்த தோட்டத்தில் தங்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. மாமா அங்கே பெரிய கிளாக்கர், அதாவது ஆபீசுக்குத் தலைவர். மண்டபம் முகாமில் படகேறுமுன் டாக்டர் என் நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், போகலாம் என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. டைபாய்டு அப்போதே என் குடலில் குடியேறியிருக்கிறது, ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் அது மூச்சு விடாது. சுங்கம் கட்டாமல் கடத்திக்கொண்டு வந்த சரக்கு என்று மாமா பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்.

தோட்டத்துக்கு வந்த மூன்றாம் நாள் தலைவலி. ரயில் அலுப்பு என்று நினைத்தேன். மறுநாள் காய்ச்சல். அந்தப் பக்கத்தில் காய்ச்சல் என்றால் முதலில் மலேரியா என்றுதான் நினைப்பார்கள், கொயினா கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். காதில் வண்டு ரீங்காரமிட்டதே தவிரக் காய்ச்சல் குறையவில்லை. தோட்ட ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் அருளம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர், முகத்தில் சிரிப்பே வராது. டாக்டர் என்று ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார், மற்ற நாளெல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்கு எல்லாமே இவர்தான். காலையும் மாலையும் என் சூட்டை அளந்து ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். புள்ளிகளைச் சேர்த்தால் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று. அதைப் பார்த்துவிட்டு என் கையில் ரத்தம் எடுத்து, சின்னக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, ரயிலில் கொழும்புக்கு அனுப்பினார்.

அந்தப் பரிசோதனை என்ன என்று கேட்டேன், காய்ச்சலிலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. ரத்தத்தில் தெளிகிற தண்ணீரை டைபாய்டுக் கிருமியோடு கலப்பார்களாம். நோய் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் உட்காரும். சாயத்தொட்டியில் சாயம் திரிகிற மாதிரி என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, அதில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட. நான்கு நாளில் பதில் வந்தது. நன்றாகவே திரிந்திருந்தது.

மாமா வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். ஒட்டுகிற நோய் என்பதால் அன்றைக்கே என்னை ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அத்தை குழந்தைகளைத் தொடுகிறவள், அதனால் அவளுக்கு உள்ளே வரத் தடை. தினமும் சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்ப்பாள். பார்லித் தண்ணீரைத் தன் புதுப் புடவையைக் கிழித்து வடிகட்டி அனுப்பினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் புடவை நான் ஊரிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தது.

ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரு நீளக் கூடம், மூலையில் தட்டி வைத்து மறைத்த என் இடம், வெளியே மருந்துக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. கொக்கிப்புழுவுக்கு மருந்து குடித்தவர்கள் அந்தப் பெஞ்சில் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அருளம்பலம் முதல் நாளே என் கட்டில் பக்கத்தில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“தம்பி, உமக்குக் குடலிலே புண். அது இப்ப நனைஞ்ச கடதாசி மாதிரி. நீர் எழும்பி நடந்தாலும் கிழியும், சோறு திண்டாலும் கிழியும். கிழிஞ்சால் என்னட்ட மருந்து இல்லை.”

இன்றைக்கு இதற்கு ஏதோ மாத்திரை வந்திருக்கிறது. அன்றைக்கு டைபாய்டுக்கு மருந்து படுக்கைதான். பாலும் பார்லியும் குடித்துக்கொண்டு, அசையாமல், காய்ச்சல் தானாக இறங்குகிற வரைக்கும் கிடக்க வேண்டும். நானோ நாற்காலியில்கூட ஒழுங்காக உட்காரத் தெரியாதவன். கப்பல் வேறு இன்னும் மூன்று நாளில்.

மறுநாள் விடியுமுன்பு அது நடந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரேதான் பெரட்டுக்களம், வேலைக்கு ஆள் கூடி நின்று பேர் கொடுக்கிற இடம். ரப்பருக்குப் பால் வெட்டுகிறவர்கள் வெயில் ஏறுமுன் மரத்தடிக்குப் போயாக வேண்டும், வெயில் வந்தால் பால் ஓடாது. அதனால் இருட்டிலேயே களத்தில் தப்பு அடித்து, தொழிலாளர் குடியிருக்கிற லயங்களை எழுப்புவார்கள். மாமா பங்களா ஒரு மைல் மேலே, அங்கே அது எனக்குக் கேட்டதில்லை. எங்கள் ஊரில் தெரு முனையில் தப்புச் சத்தம் கேட்டால் ஒரே அர்த்தம்தான்: யாரோ போய்விட்டார்கள். காய்ச்சல் நூற்று நான்கு. தலைமாட்டில் அடிக்கிற மாதிரி சத்தம். எனக்காகத்தான் அடிக்கிறார்கள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். “இன்னும் சாகலடா பாவிகளா” என்று கத்திக்கொண்டு கட்டிலை விட்டுக் குதித்தேன், தட்டியோடு சேர்ந்து கீழே விழுந்தேன்.

பேச்சியம்மாள்தான் என்னை அப்படியே வாரித் தூக்கிக் கட்டிலில் போட்டாள். ஆஸ்பத்திரி ஆயா. நாற்பது வயதிருக்கும், என்னைவிட இரண்டு மடங்கு பலசாலி. போட்ட பிறகு அவள் என்னைத் திட்டின திட்டை நான் எங்கம்மாவிடமும் வாங்கினதில்லை. அருளம்பலம் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஒன்றும் கிழியவில்லை. ஆனால் மூன்றாவது வாரத்தில்தான் புண் மிகவும் மெலியும், அப்போது இப்படி ஒருமுறை குதித்தால் முடிந்தது என்று அவர் மாமாவிடம் சொல்வது என் காதில் விழுந்தது. நாளைக் காலையும் தப்பு அடிக்கும். நாளை மறுநாளும். ஒவ்வொரு நாளும் அந்த ஒரு கணத்தில் எனக்குப் புத்தி இருக்குமா இருக்காதா என்பதுதான் கேள்வி.

இனிச் சொல்வதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது, ஆனால் இங்கேயே சொன்னால்தான் சரியாக வரும். தப்பை நிறுத்த முடியுமா என்று பேச்சியம்மாள் மாமாவைக் கேட்டிருக்கிறாள். மாமா முடியாது என்று சொல்லிவிட்டார். நானூறு பேரை எழுப்புகிற தப்பு அது. பெரட்டுக்குப் பிந்தி வந்தால் கணக்கப்பிள்ளை பேர் போடமாட்டார், பேர் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. தன் அக்கா மகனுக்காக அத்தனை வீட்டு வேலையில் கைவைக்க மாமாவுக்கு மனசு வரவில்லை. சொல்லிவிட்டு ஆபீஸ் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். மாமா செய்தது நியாயம், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பேச்சியம்மாள் அங்கிருந்து நேரே தப்பு அடிக்கிற முனியாண்டியிடம் போனாள். அவர் அன்று மாலை கணக்கப்பிள்ளையிடம் போய், மழைக்குத் தப்புத் தோல் தொய்ந்துவிட்டது, அடுப்புக்கு மேலே கட்டிக் காய வைத்திருக்கிறேன், காய்ந்ததும் அடிக்கிறேன் என்று சொன்னார். யட்டியாந்தோட்டை மழையில் எது வேண்டுமானாலும் தொய்யும், யாரும் நம்புவார்கள்.

லயம் என்றால் பத்துப் பன்னிரண்டு காம்பிரா, அதாவது ஒற்றை அறை, வரிசையாக ஒட்டிக் கட்டியது, காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் நடுவே ஒரே சுவர். முனியாண்டிக்குக் கடிகாரம் வேண்டாம், இருபது வருஷமாக அதே நேரத்துக்கு எழுந்து பழகின உடம்பு. எழுந்ததும் விரல் முட்டியால் பக்கத்துச் சுவரைத் தட்டுவார். அங்கே படுத்திருப்பவர் எழுந்து அடுத்த சுவரைத் தட்டுவார். அப்படியே கடைசிக் காம்பிரா வரைக்கும் போகும். கடைசிக் காம்பிராவில் சடையன், பேச்சியம்மாளின் புருஷன். அவர் ஒரு தென்னோலைப் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய் அடுத்த லயத்தின் முதல் சுவரைத் தட்டுவார், பிறகு அதற்கும் அடுத்த லயம். மொத்தம் ஏழு லயம். பாறை வழுக்கும், அட்டை கடிக்கும். ஒரு சுவர் பேசாமல் இருந்தால் அதற்கப்பால் இருக்கிற அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பேர் இல்லை. முகம் தெரியாத ஒருத்தனுக்காக இவ்வளவும். நான் அவர்களுடைய கிளாக்கருக்கு மருமகன் என்பதற்காகச் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கிளாக்கரே வேண்டாம் என்று சொன்ன காரியம் அது.

இதோடு விட்டார்களா, களத்தில் பேர் கூப்பிடுகிறதும் தாழ்ந்துவிட்டது. அந்தக் கணக்கப்பிள்ளை தொண்டைக்குப் பேர்போனவர், அடுத்த மலையில் நிற்கிறவனைத் திட்டினால் அவனுக்கு அங்கேயே கேட்கும். அவர் காதில் ரகசியம் சொல்கிற மாதிரி பேர் கூப்பிட, ஆட்கள் வாயைத் திறக்காமல் கையைத் தூக்கினார்கள். தப்பு எப்போது காயும் என்று அவர் ஒருநாளும் கேட்கவே இல்லையாம்.

உள்ளே படுத்திருந்த எனக்கு எதுவும் கேட்கவில்லை. கொயினாவால் காது போய்விட்டது என்று பயந்து பேச்சியம்மாளிடம் சொன்னேன். அவள் ஸ்பூனால் டம்ளரைத் தட்டினாள். கேட்டது. “காதெல்லாம் சரியாத்தான் இருக்கு, தப்புத் தோல் நனஞ்சு போச்சு, பேசாமப் படுங்க” என்றாள். நானும் நம்பினேன்.

கப்பல் நாள் வந்தது. சட்டையை எடு, ரயிலுக்குப் போகிறேன் என்று நான் அழுதிருக்கிறேன். மாமா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கப்பலுக்கு நிலக்கரி வரவில்லையாம், இன்னும் துறைமுகத்திலேதான் நிற்கிறது என்றார். மறுநாளும் நிலக்கரி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும். மாமா ஜென்மத்தில் பொய் சொல்லத் தெரியாதவர், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சூட்டுத் தாளையே பார்த்தார். பெட்டி போய்விட்டதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அந்த வருஷமே பின்னால் ஒரு கப்பலில் போய்ச் சேர்ந்து, படிப்பையும் ஒருவழியாக முடித்தேன். பெட்டியும் அங்கே பத்திரமாகக் கிடைத்தது, பருப்புப் பொடியில் மட்டும் வண்டு.

அருளம்பலம் பயந்தது மூன்றாவது வாரக் கடைசியில் வந்தது. பகல் பதினோரு மணி இருக்கும். திடீரென்று உடம்பு சில்லிட்டது, காய்ச்சல் இறங்குகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் நாடியைப் பிடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. சூடு சட்டென்று விழுந்து நாடி ஓடினால் குடலுக்குள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். சற்று நேரத்தில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிற்று, அது பழைய ரத்தம். கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். குடல் அசையாதிருக்கக் கொஞ்சம் அபின் மருந்து. வயிற்றில் வைக்க ஐஸ் வேண்டும். பஜாரில் சோடாக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், கொழும்பிலிருந்து மரத்தூளில் புதைத்து ரயிலில் வருகிற தன் ஐஸ் முழுவதையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் கடையில் இரண்டு நாள் சூடான சோடாதான் விற்றார்கள்.

மத்தியானம் பால் வாளிகளோடு ஆட்கள் பால் அளந்து கொடுக்கிற ஸ்டோருக்கு இறங்குகிற பாதை ஆஸ்பத்திரியை ஒட்டித்தான். அன்றைக்கு வாளி முட்டுகிற சத்தம்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே அத்தை உட்கார்ந்திருந்தாள், அவளைச் சுற்றிப் பால் வெட்டுகிற பெண்கள் நாலைந்து பேர். எனக்குப் பயமாக இருந்தது. வெளிநாடு, படிப்பு, கப்பல் எதுவும் அப்போது நினைவில் இல்லை. சாகக்கூடாது என்ற ஒன்று மட்டும்தான் இருந்தது. அருளம்பலம் ஐந்து மணி நேரம் என் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கையை விட்டுவிட்டு, “இனிப் பயமில்லை எண்டு சொல்லமாட்டன், ஆனால் நான் போய்ச் சாப்பிடலாம்” என்றார்.

அதற்கு முந்திய பன்னிரண்டு காலையில் ஏதாவது ஒன்றில் நான் குதித்திருந்தால் அந்தக் கசிவு கிழிசலாகியிருக்கும் என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு விஷயம் எட்டியது அந்த வாரந்தான். ஒருநாள் விடியற்காலை குதிரையில் வந்து களத்தில் நின்றார். பேச்சியம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தவள். தோல் இன்னுமா காயவில்லை என்று கேட்டாராம். மழைங்க தொரை என்றார் முனியாண்டி. மூன்று நாளாக நல்ல வெயில். துரை ஆகாயத்தைப் பார்த்தார், ஆஸ்பத்திரியைப் பார்த்தார், கணக்கப்பிள்ளையிடம் பேர் பதிகிற செக்ரோலை வாங்கிப் புரட்டினார். தப்பு அடித்த காலத்தில் தினமும் ரெண்டு மூன்று பேராவது பிந்தி வந்து திரும்பிப் போவார்கள். தப்பு நின்றதிலிருந்து ஒருத்தர் இல்லை. புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு, “நல்லாக் காயட்டும்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனாராம். அவரிடமும் நான் எதிர்பார்த்ததில்லை அது.

பிறகு காய்ச்சல் ஏறின படியிலேயே இறங்கியது. இறங்கிய பிறகு வந்தது பசி. அந்தப் பசியை நான் யாருக்கும் சொல்லி விளக்க முடியாது. டைபாய்டு விட்டவனுக்கு ஊரையே தின்னலாம் போலிருக்கும், ஆனால் புண் ஆறுகிற வரை ஒரு பருக்கை கூடாது. ஒரு கவளம் தயிர்ச்சோறு போதும், யாருக்கும் சொல்லமாட்டேன் என்று பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவள் கையை உதறிவிட்டாள்.

“என் கையால சோறு போட்டு ஒங்கள நானே கொல்லணுமா? அம்புட்டுப் பேரும் செவுரு தட்டித் தட்டி எந்திரிக்கிறது இதுக்குத்தானா?”

அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. என்ன சுவர் என்று கேட்டேன். அவளும் கோபத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நான் அதற்குப் பிறகு சோறு கேட்கவில்லை. அன்றைக்குப் போர்வையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன், அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

சூடு பத்து நாள் ஏறாமல் நின்றது. அருளம்பலம் முதல் கஞ்சிக்கு உத்தரவு கொடுத்தார், எழுந்து நாலடி நடக்கலாம் என்றார். அன்று சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நரைத்த மீசை, மெலிந்த தோள். முனியாண்டி என்று பேச்சியம்மாள் சொன்னாள். எங்கள் ஊரில் தப்பு அடிக்கிறவர் எங்கள் வாசற்படிக்கு வந்து நின்றதில்லை, நாங்களும் உள்ளே கூப்பிட்டதில்லை. என்னை உயிரோடு வைத்திருந்த மனிதர் அந்த வழக்கப்படியே வெளியே நின்று, “தோலு காஞ்சிருச்சுங்க. நாளைக்கு அடிக்கலாமுங்களா?” என்று என்னிடம் உத்தரவு கேட்டார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். வரமாட்டேன் என்றார். விடவில்லை நான். வந்து கட்டில் பக்கத்து ஸ்டூல் நுனியில் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தார்.  அடியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் இருட்டில் தப்பு முழங்கியது. பேச்சியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு களத்து ஓரம் வரைக்கும் நடந்தேன்.  தூறல். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் நின்றார்கள், ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியாது. ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. கணக்கப்பிள்ளை தன் பழைய தொண்டையில் பேர் கூப்பிட்டார். கூப்பிட்டு முடித்துப் புத்தகத்தை மூடினார்.

மூடின பிறகு மேட்டுப் பாதையில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். இருபத்தாறு நாளில் பெரட்டுக்குப் பிந்தி வந்த முதல் ஆள். பேர் இல்லை, திரும்பிப் போ என்று கணக்கப்பிள்ளை கத்தினார், களம் முழுக்கச் சிரித்தது. பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். வந்தது சடையன், ஏழு லயத்தையும் எழுப்பின ஆள்.

எனக்கு முகம் செத்துவிட்டது. என்னால் அவருக்கு ஒரு நாள் வேலை போயிற்றே என்று ஏதோ உளறினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதான் பொழச்சிட்டீங்கல்ல,” என்றார். “இன்னைக்குத்தான்யா தூக்கம் வந்துச்சு.”